தூணில் உரசும் ஆடு

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கண் ஆபரேஷன் முடிந்து, சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்ததால் பதில் தள்ளிப்போயிற்று. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்து மட்டும் பழையபடிதான். பேங்கில் அத்தனை வருடம் இதைப் படித்தவர்கள் பாவம்.

முதலில் உன் ஆடு கறுப்பி விஷயம். கிணற்றடித் தூணில் அது முதுகைத் தேய்ப்பதற்குப் பேனோ சொறிப் பூச்சியோதான் காரணமாக இருக்கும். டாக்டரை வரவழைத்து, தோலைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கச் சொல். தங்கச்சி போனில் படித்துப் பயந்த ‘ஸ்க்ரேப்பி’ என்ற செம்மறி மூளை நோய் வேறு சங்கதி. பெயர் மட்டும் இந்த உரசலில் இருந்து வந்ததுதான். 1732-லேயே இங்கிலாந்தில் அதைப் பற்றிய பேச்சு உண்டு. வேலியில் தேய்த்துத் தேய்த்து ரோமம் கொட்டிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் உரசலை விட்டுவிட்டு நடுக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ‘நடுங்கும் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். வெள்ளாட்டுக்கும் வரும், ஆனால் செம்மறி அளவுக்கு அரிப்பு இருக்காது.

மூளையில் என்னதான் ஆகிறது என்று கேட்டிருக்கிறாய். நான் 1988-ல் ஆறு மாதப் பயிற்சிக்கு இங்கிலாந்து போனது நினைவிருக்கிறதா? அங்கே ஒருநாள் பெரியவர் ஒருவர் இரண்டு செம்மறி மூளைகளை மேஜையில் வைத்து, எது நோயாளி என்றார். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வீக்கமில்லை, சீழில்லை, ரத்தக்கசிவு இல்லை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அப்புறம் ஸ்லைடு கொடுத்தார். ஒன்றில், நடுமூளையின் ஒரு நரம்பணுவுக்குள் பெரிய வட்டமாக ஒரு குழி தெரிந்தது. “இதுதான்” என்று துள்ளினேன். அது நல்ல ஆடு! ஓரிரு குழிகள் ஆரோக்கியமான ஆட்டு மூளையிலும் இருக்குமாம். லேப் உதவியாளர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நோய்கண்ட மூளையில் பார்க்க வேண்டியது வேறு. குழிகள் நிறைய இருக்கும். இடப்பக்கம் எங்கே இருக்கிறதோ, ஏறக்குறைய அதே இடத்தில் வலப்பக்கமும் இருக்கும். தண்டுவடத்தோடு சேரும் முகுளம், அதற்கு மேலே நடுமூளை, அதற்கும் மேலே தலாமஸ் என்று வரிசையாகப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பாகம்போல இருக்கும். நரம்பணுக்கள் குறைந்திருக்கும், அவற்றைத் தாங்கி நிற்கும் நட்சத்திர வடிவச் செல்கள் பெருத்திருக்கும். என்னை அசத்தியது அங்கே இல்லாத ஒன்று: வெள்ளை அணுக்களின் கூட்டம். மூளைக்காய்ச்சல் என்றால் ரத்தக்குழாயைச் சுற்றி அவை மொய்த்துக்கொண்டிருக்கும். இங்கே எதிர்ப்பே இல்லை. எப்படி இருக்கும்? கெடுப்பது வெளியாள் அல்ல, ஆட்டின் சொந்தப் புரதம். அதன் மடிப்பு மாறிவிடுகிறது, மாறிய புரதம் பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடக்குகிறது. இதற்கு ப்ரியான் என்று 1982-ல் பெயர் சூட்டிய அமெரிக்க விஞ்ஞானி ப்ரூஸினருக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குமுன் ‘மரபணு இல்லாமல் ஒரு தொற்றா’ என்று பலர் அவரைக் கிண்டல் செய்தார்கள்.

முகுளத்திலேயே முதலில் தேடுவதற்குக் காரணம் உண்டு. குட்டி பிறந்த புதிதில், தாயின் நஞ்சுக்கொடி வழியாகவோ மேய்ச்சலிலோ இது வாய்வழியே உள்ளே போகிறது. குடலின் நரம்புகளைப் பிடித்து, குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மெல்ல மேலேறி, அந்த நரம்பு தொடங்கும் முகுளத்தில் வந்து இறங்குகிறது. இந்தப் பயணத்துக்கே பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வருடம் ஆகிவிடும். அதனால் செத்த ஆட்டைச் சோதிக்கும்போது மண்டை ஓட்டைப் பிளக்காமல், கழுத்துப்பக்கத் துளையில் ஒரு நீளக் கரண்டியை விட்டு அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். ஆனால் நார்வேயில் 1998-ல் கண்டுபிடித்த இன்னொரு வகை இந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. அதில் சேதமெல்லாம் சிறுமூளையிலும் பெருமூளைப் புறணியிலும்தான்.

கிருமிகளைக் கொல்லும் ஃபார்மலின் திரவத்துக்கும் இது சாகாது என்பதற்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. 1935-ல் பிரிட்டனில் உண்ணிக் காய்ச்சல் ஒன்றுக்கு ஆட்டு மூளை, தண்டுவடம், மண்ணீரலில் இருந்து தடுப்பூசி தயாரித்தார்கள். ஃபார்மலின் சேர்த்தாயிற்று, இனி பயமில்லை என்று நினைத்தார்கள். அதில் ஒரு தொகுப்பைச் சுமார் 18,000 ஆடுகளுக்குப் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த மந்தைகள் உரச ஆரம்பித்தன. காப்பாற்றப் போட்ட ஊசி!

நம் நாட்டிலும் இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளில் பார்த்ததாக 1961-ல் ஓர் அறிக்கை வந்தது. தங்கச்சியிடம் அதைச் சொல்லிவிடாதே. செம்மறியிடமிருந்து மனிதனுக்கு இது தொற்றியதாக இத்தனை காலத்தில் நிரூபணம் ஏதும் இல்லை. மனிதர்களைக் கொன்றது மாட்டிலிருந்து வந்த அதன் உறவுக்கார நோய். நீ ஞாயிற்றுக்கிழமை மிளகு போட்டு மூளை வறுவல் சாப்பிடுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கொலஸ்ட்ராலுக்காக மட்டும் முறைக்கிறேன்.

பெரியவனுக்கு மாற்றலாகிக் கோவை வந்துவிட்டான், அதனால் மாசியில் அந்தப் பக்கம் வருவேன். அதற்குள் கறுப்பியின் தோல் பரிசோதனை முடிவை எழுது. அடுத்த கடிதமாவது கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

அன்புடன்,
சுந்தரம்