கோபித்தவனைக் கைவிடாத அம்மாவுக்கு

அன்புடையீர்,

அன்று காலை ஓட்டப்பாதையில் என் தம்பி வெப்பவாதத்தால் (ஹீட் ஸ்ட்ரோக்) நிலைகுலைந்ததை உங்களில் பலர் நேரில் கண்டீர்கள், மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் திரும்பச் சொல்லும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. என் தம்பி நேற்று மாலை வீடு திரும்பிவிட்டான், தெளிவாகப் பேசுகிறான், சிறுநீரகமும் கல்லீரலும் தப்பிவிட்டன என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போதைக்கு இந்தச் செய்தி போதும்.

பெயர் சொல்லாமலே சென்றுவிட்ட அந்த அம்மாவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். நடைப்பயிற்சிக்கு வந்திருந்த தாங்கள், எதிரே ஓடி வந்தவனின் கால்கள் பின்னுவதைக் கவனித்து, வழிமறித்து நிறுத்தி, பெயர் என்ன, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டீர்கள். அவன் பதில் சொல்லாமல் எரிந்து விழுந்தான் என்று உடன் ஓடியவர்கள் பிறகு என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். பெரியவர்களிடம் குரலை உயர்த்தியே பழகாதவன் அவன். ஆனால் அது தங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முன்பின் அறியாத ஒருவன் அப்படிக் கத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதுதான் இயல்பு, போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். தாங்களோ அந்தக் கோபத்தை அவனுடைய குணமென்று கொள்ளாமல் உடம்பு காட்டும் அறிகுறியென்று கண்டு, கையை விடாமல் பிடித்து நிழலில் உட்கார வைத்தீர்கள்.

அது எவ்வளவு சரியான கணிப்பு என்பது மருத்துவர் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. கடும் உழைப்பால் வரும் வெப்பவாதத்தில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. குழப்பம், எரிச்சல், பொருந்தாத பேச்சு என்று அது வெளிப்படுகிறது. தோல் வறண்டுபோயிருக்க வேண்டும் என்ற பரவலான எண்ணம் ஓடுபவர்களுக்குப் பொருந்துவதில்லை, அவர்களுக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். "நன்றாக வியர்க்கிறதே, ஒன்றும் இருக்காது" என்று அங்கே ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னபோதும், வானம் மேகமூட்டமாக இருந்ததைக் காட்டி வெயிலே இல்லையே என்று இன்னொருவர் சொன்னபோதும், தாங்கள் இசையவில்லையாம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடிவிடுவதால் உடல் குளிர்வதில்லை. சட்டை நனைந்திருந்ததே அந்த ஆபத்தின் அடையாளமாக இருந்திருக்கிறது. நினைவு தெளிவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றினால் புரையேறும் என்று அதையும் தடுத்தீர்கள். நோய் கண்டவனுக்கே தனக்கு என்ன நேர்கிறது என்று தெரியாத நிலையில் அவனுக்கு வேறொருவரின் கண் தேவைப்பட்டது. அந்தக் கண் தங்களுடையதாக இருந்தது எங்கள் பாக்கியம்.

தொட்டியை இழுத்து வந்தவர்கள், குழாயைத் திறந்தவர்கள், கேட்காமலே ஐஸ் கொண்டுவந்து கொட்டியவர்கள், கழுத்தளவு நீரில் கிடந்தவனின் தலை அமிழாமல் தாங்கிக்கொண்டிருந்த ஓட்டக்குழு நண்பர்கள் எல்லோருக்கும் ஒருசேர நன்றி சொல்கிறேன். உடனே வண்டியில் ஏற்றுங்கள் என்று தொலைபேசியில் நான் கதறியதைப் பொருட்படுத்தாமல், முதலில் குளிர்விப்பது, பிறகுதான் பயணம் என்று உறுதியாக நின்ற ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். 30 நிமிடத்துக்குள் வெப்பத்தை 39 டிகிரி அளவுக்கு இறக்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காய்ச்சல் மாத்திரையாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். இது காய்ச்சலால் வந்த சூடு இல்லை, மாத்திரை இதற்கு வேலை செய்யாது என்று அந்த அவசரத்திலும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

இனி அவன் ஓடுவானா என்று பலர் கேட்கிறீர்கள். ஓடுவான்; அவனிடமிருந்து ஓட்டத்தைப் பிடுங்க எனக்கு மனமில்லை. குறைந்தது ஒரு வாரம் எந்தப் பயிற்சியும் கூடாது, மறுபடியும் இரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும், அதுவும் குளிர்ந்த வேளையில் குறைந்த தூரமாக. வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் வரை ஆகும் என்பதால், கோடை தொடங்கும்போது குழுவில் அனைவருமே வேகத்தைப் பாராமல் சிறிது சிறிதாகக் கூட்டுவது என்றும், வெப்ப நாட்களில் யாரும் தனியாக ஓடுவதில்லை என்றும் நண்பர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நான் ஓடுபவள் அல்லள். ஆனால் நீண்ட ஓட்டம் நடக்கும் நாட்களில் தொட்டி நிறையத் தண்ணீரும் ஐஸும் துண்டுகளும் எடுத்துவைத்துக்கொண்டு பாதையின் முடிவில் உட்காரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா யாரென்று அறிந்தவர்கள் இந்த மடலை அவரிடம் சேர்த்துவிட வேண்டுகிறேன். நேரில் வந்து மன்னிப்புக் கேட்க என் தம்பி காத்திருக்கிறான்.

நன்றியுடன்,
ஓர் ஓட்டக்காரனின் அக்கா