இட்டானியம் பதிப்புக்கான பராமரிப்பை ஒப்பந்தக் காலம் முடியுமுன் நிறுத்தியது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

எங்கள் கிடங்குக் கணக்கு முழுவதும் உங்கள் தரவுத்தள மென்பொருளில்தான் ஓடுகிறது. எச்பியின் எச்பி-யுஎக்ஸ் 11ஐ வி3 இயங்குதளம், இன்டெலின் இட்டானியம் சில்லு கொண்ட சர்வர். வணிக ரீதியாகக் கட்டுப்படியாகாததால் இந்தப் பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். ஒப்பந்தமோ 2025 டிசம்பர் 31 வரை இருக்கிறது. எச்பி-யுஎக்ஸுக்கான ஆதரவும் அதே நாளில் முடிவதால்தான் அந்தத் தேதியைக் கேட்டு வாங்கினோம். கட்டணம் முழுவதையும் முன்பணமாகவே கட்டிவிட்டோம்.

இட்டானியத்தின் காலம் முடிந்துவிட்டது என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. மென்பொருள் நிறுவனங்களான ரெட் ஹாட் 2009-லும் மைக்ரோசாஃப்ட் 2010-லும் அதிலிருந்து விலகும் முடிவை அறிவித்தன. இன்டெல் 2021 ஜூலையோடு அந்தச் சில்லை அனுப்புவதையே நிறுத்தியது. எல்லாம் ஊரறிந்த செய்தி. அதற்குப் பிறகுதான் மூன்றாண்டுப் புதுப்பிப்பை எங்களிடம் விற்றீர்கள். விற்றபோது கட்டுப்படியான கணக்கு, பணம் வந்த பிறகு எப்படி உதைக்கிறது?

புது வசதி எதையும் நாங்கள் கேட்கவில்லை. மற்ற தளங்களுக்கு எழுதும் திருத்தத்தை இதற்கும் கம்பைல் செய்து (இந்தச் சில்லில் ஓடும் வடிவுக்கு மாற்றி), சோதித்துத் தந்தால் போதும். அதற்கொரு பழைய சர்வரையும் அதைத் தெரிந்த ஆளையும் வைத்திருக்க வேண்டும், செலவுதான். பராமரிப்புக் கட்டணம் வேறு எதற்கு?

எக்ஸ்86-க்கு (வழக்கமான இன்டெல், ஏஎம்டி சில்லு வகைக்கு) மாறிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எச்பி-யுஎக்ஸ் பிக்-எண்டியன், எக்ஸ்86 லிட்டில்-எண்டியன்; அதாவது, ஓர் எண்ணின் பைட்டுகளை இரண்டும் நேரெதிர் வரிசையில் சேமிக்கின்றன. தரவுக் கோப்புகளை அப்படியே தூக்கி வைக்க முடியாது என்பது எங்களைவிட உங்கள் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அத்தனையையும் எக்ஸ்போர்ட் செய்து, மறுபடி ஏற்றி, இருப்பைச் சரிபார்க்க வேண்டும். கிடங்கு இயங்கிக்கொண்டிருக்கும்போதே.

இட்டானியத்துக்கு இனிப் புதிய பதிப்பில்லை என்று தரவுத்தள நிறுவனமான ஆரக்கிள் 2011-இல் அறிவித்தபோது எச்பி வழக்குத் தொடுத்தது. இரு நிறுவனங்களுக்கும் இடையிலான உடன்பாட்டின்படி ஆரக்கிள் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று 2012-இல் கலிஃபோர்னியா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எச்பியிடம் இருந்த வக்கீல் படை எங்களிடம் இல்லை. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது.

எனவே, ஒப்பந்தம் முடியும்வரை பாதுகாப்புத் திருத்தங்களைத் தாருங்கள். முடியாதென்றால், மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தந்து, எக்ஸ்86 உரிமத்தைக் கூடுதல் விலையின்றி மாற்றிக் கொடுத்து, தரவு மாற்றத்துக்கு உங்கள் செலவில் ஆள் அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளுபடி என்ற பேச்சு வேண்டாம்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், ஒப்பந்தத்தின் நடுவர் தீர்வுப் பிரிவின்படி நடவடிக்கை எடுப்போம்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர்