எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்ட பையனுக்காக: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ராணுவத்தின் சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் பிரிவில் 24 வருடம் லைன்மேனாக வேலை பார்த்து, ஹவில்தாராகப் பென்ஷன் வந்தவன். ஆகஸ்ட் 15-ம் ஜனவரி 26-ம் நெருங்கினால் ஏதாவது ஒரு பள்ளியிலிருந்து எனக்கு அழைப்பு வரும். மெடல்களைக் குத்திக்கொண்டு, பெரட் தொப்பியைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு போவேன். கொடியேற்றம், மிட்டாய், ஒரு சால்வை, அப்புறம் "மிலிட்டரி ஐயா இரண்டு வார்த்தை பேசுவார்." வெயிலில் காய்கிற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அந்த இரண்டையும் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

போன வருடம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "சார், நீங்க எத்தனை பேரைச் சுட்டீங்க?"

"ஒருத்தரையும் இல்லப்பா. ஒயர் இழுத்தேன்" என்றேன்.

பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பி.டி. வாத்தியார் ஓடிவந்து மைக்கைப் பிடித்து, "சார் தன்னடக்கமா சொல்றாரு" என்று சமாளித்தார். தன்னடக்கமெல்லாம் இல்லை, நடந்தது அதுதான். கார்கில் சண்டை நடந்த 1999-ல்கூட நான் பஞ்சாபின் பட்டிண்டாவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தமே கிடையாது. ராணுவம் என்றால் சுடுவது, சாவது, சல்யூட் அடிப்பது, இந்த மூன்றையும் தவிர வேறு எதையும் நாம் அவனுக்குக் காட்டவில்லை. ஆண்டு விழாவில் முகத்தில் பச்சைச் சாயம் பூசி, "வீர மதராஸி, அடி கொல்லு" என்று கத்தவிட்டு ஆடவைக்கிறோம். அந்தப் போர்முழக்கத்துக்குச் சொந்தக்காரரான மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1758-லிருந்து இருக்கிற படை என்பதோ, அதன் மையம் நம் குன்னூர் பக்கத்து வெலிங்டனில் இருக்கிறது என்பதோ, ஆடுகிற பிள்ளைக்கும் தெரியாது, ஆட்டிவைக்கிற டீச்சருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் நம் பக்கத்தில் மிலிட்டரிக்காரன் இல்லாத தெரு அபூர்வம். கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் லீவில் வருகிறவன் ஊருக்கு என்ன சொல்கிறான்? கேண்டீன் சரக்கு என்ன விலை என்பதைச் சொல்கிறான். ஊரும் அதைத்தான் கேட்கிறது.

நான் செய்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன். ஜபல்பூரில் டிரெயினிங் முடித்து லடாக் போனேன். முன்னால் இருக்கும் போஸ்ட்டுக்கும் பின்னால் இருக்கும் தலைமையகத்துக்கும் நடுவே கேபிள் போட வேண்டும், அறுந்தால் ஒட்ட வேண்டும். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். மைனஸ் இருபதில் கையுறையைக் கழற்றாமல் ஒயர் முனையைச் சீவ முடியாது. கழற்றிவிட்டுக் கட்டிங் பிளேயரைத் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். அதனால் இருவர் போவோம்: ஒருவன் அரை நிமிடம் செய்வான், கையை அக்குளில் வைத்துக்கொள்வான், அடுத்தவன் தொடர்வான். ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த லைனில் வருகிற செய்தி பெரும்பாலும் என்ன தெரியுமா? மண்ணெண்ணெய் எத்தனை டின் வேண்டும், யாருக்கு ஜுரம், நாளைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை உண்டா, இல்லையா.

லடாக்கின் சியாச்சின் பனியாற்றில் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் பலியானவர்களே அதிகம். 2016 பிப்ரவரியில் 19,600 அடி உயரத்தில் பனி சரிந்து 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து ஒருவரை உயிரோடு எடுத்தார்கள், அவரும் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பத்துப் பேரில் வேலூர் மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. அங்கே எதிரி சுடவில்லை, மலைதான் சரிந்தது. புவியியல் பாடத்தில் பனியாறு வரும்போது இதைச் சொல்லலாமே!

படையில் சமையல்காரர் உண்டு, தையல்காரர் உண்டு, முடிதிருத்துபவர், தச்சர், நர்சிங் அசிஸ்டெண்ட், குமாஸ்தா எல்லாரும் உண்டு. தபால்காரர்கூட உண்டு. நம் வீடுகளில் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் "56 ஏ.பி.ஓ." என்று ராணுவத் தபால் நிலைய எண் எழுதிய பழைய இன்லேண்டு லெட்டர் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். படை எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியக் கூடாது, கடிதமும் போய்ச் சேர வேண்டும். அதனால் முகவரியில் ஊர்ப் பெயரே இல்லாமல், யூனிட் பெயரையும் அந்த எண்ணையும் மட்டும் போட்டு அனுப்புவார்கள். ஒரு பிள்ளையைத் தன் பாட்டியிடம் கேட்டு அப்படி ஒரு கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கிவிடலாம்.

அரக்கோணம் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் தலைக்கு மேல் தாழப் பறக்கிறதே அந்தப் பெரிய விமானம், அது ஐ.என்.எஸ். ராஜாளியிலிருந்து கிளம்பும் கடற்படையின் பி-8ஐ. கடலுக்கடியில் நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்று தேடுகிற விமானம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானம் வந்து இறங்கியதும் அதே ஓடுதளத்தில்தான். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று ஒரு பிள்ளையாவது கேட்க வேண்டாமா?

இனி, மடல் எழுதி உங்களைத் தொந்தரவு செய்ய என்னை வைத்த உண்மையான காரணத்துக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்த ஒரு பெண் என்னிடம் வந்தாள். நல்ல மார்க், நல்ல ஓட்டம். முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாகக் கடற்படைக்குப் போக வேண்டுமாம். 2022-லிருந்து பெண்களையும் அங்கே சேர்க்கிறார்கள் என்று எப்படியோ தெரிந்து வைத்திருந்தாள். ஆனால் பதினொன்றில் அவள் எடுத்தது கணக்கு இல்லாத குரூப். அகாடமியில் கடற்படைக்கும் விமானப்படைக்கும் பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி என்றாலும், எழுத்துத் தேர்வில் கணிதத் தாள் உண்டு. வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவே இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒருவர், ஒரே ஒருவர், இதைச் சொல்லியிருந்தால் போதும். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய?

ஆகவே ஆகஸ்ட் 15-ஐ விடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குரூப் தேர்ந்தெடுக்கும் முன்பு எங்களைக் கூப்பிடுங்கள். ஐந்தாம் வகுப்பிலும் ஒரு முறை: பிள்ளைகளைப் படை அதிகாரி வேலைக்குத் தயார்செய்கிற அமராவதிநகர் சைனிக் பள்ளி, உடுமலைப்பேட்டை பக்கத்தில் 1962-லிருந்து இருக்கிறது, ஆறாம் வகுப்புக்கு நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கிறார்கள், இப்போது பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. இது அரசுப் பள்ளிப் பெற்றோர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வரும்போது மறைக்காமல் சொல்வோம். 2022-ல் வந்த அக்னிவீர் திட்டப்படி சிப்பாயாகச் சேருகிறவர்களுக்கு நான்கு வருடம்தான். அதன்பின் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேரை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஒரு தொகையோடு வீட்டுக்கு வர வேண்டும், பென்ஷன் கிடையாது. எனக்குக் கிடைத்தது இப்போது சேருகிற பையனுக்குக் கிடைக்காமல் போகலாம். சேரச் சொல்லவும் மாட்டேன், வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், கணக்கை மட்டும் போர்டில் எழுதிக் காட்டுவேன். ஆள் எடுப்புக்கு ஒரு பைசா கையூட்டு கிடையாது, "சேர்த்துவிடுகிறேன்" என்று பணம் கேட்கிறவன் திருடன் என்பதையும் அடிக்கோடிட்டு எழுதுவேன்.

டிசம்பர் 7 கொடி நாளுக்கு 1949-லிருந்து வசூல் நடக்கிறது. பிள்ளைகளிடம் பணம் வாங்கிக் குட்டிக் கொடியைக் கொடுக்கும்போது, அது முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குப் போகிறது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். இன்னொன்று, மகனையோ கணவனையோ இழந்தவர்களை மேடையில் ஏற்றி அழவைக்காதீர்கள். அவர்களே பேச விரும்பினால் வகுப்பறையில், பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசட்டும்.

இதெல்லாம் பிள்ளைகளுக்குப் போர்வெறி ஊட்டுமே என்று சில ஆசிரியர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாத பிள்ளைதான், ஐயா, எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்கிறது.

எனக்குச் சால்வை வேண்டாம், ஏற்கெனவே பீரோவில் பதினொன்று இருக்கின்றன. இரண்டு பீரியடு கொடுங்கள். பழைய சாமான் கடையில் வாங்கி நானே சரிசெய்த ஃபீல்ட் டெலிபோன் இரண்டு என்னிடம் இருக்கின்றன, கையால் சுற்றினால் மணி அடிக்கும். இருநூறு மீட்டர் ஒயரும் உண்டு. எட்டாம் வகுப்பிலிருந்து உங்கள் அறை வரைக்கும் பிள்ளைகளே லைன் இழுக்கட்டும். முதல் அழைப்பை நீங்கள் எடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் லைன்மேன்