மாப்பிள்ளைக்கு, ஜெனரேட்டர் விஷயமாக

உச்சிப்புளி,
ஐப்பசி 4.

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. அத்தைக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைக்கும்படி ஆகிவிட்டது என்று படித்ததும் மனசு கனத்துப் போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உனக்கொரு தட்டு, எனக்கொரு தட்டு என்று பிரித்துப் பார்க்காமல் வைத்த கை அது. தீபாவளிக்கு முன்னாலேயே தொண்டி வீட்டுக்குக் குடிவந்துவிட்டீர்கள் என்பதில் எனக்கு நிம்மதி. சென்னையில் மூன்றாவது மாடியில் அடைந்து கிடப்பதைவிட, நம் கடற்காற்றில் திண்ணையில் உட்கார்ந்திருப்பது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

இங்கே எல்லாரும் நலம். உன் அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பேத்தியைப் புது பாம்பன் பாலத்தில் ரயிலில் கூட்டிப்போனேன். ஜன்னல் கம்பியை விடவே இல்லை. மற்றதை நேரில் பேசலாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கடைக்காரர் 25 கேவிஏ சக்தியுள்ள ஜெனரேட்டர் செட் எடுக்கச் சொல்கிறார், பெரிதாக வாங்கிவிட்டால் கவலை இல்லை என்று உனக்கும் தோன்றுகிறது என எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஐஸ் கம்பெனியில் 26 வருடம் ஜெனரேட்டர் பக்கத்திலேயே இருந்தவன் சொல்கிறேன், அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

முதலில் ஒன்று. அத்தையின் மூச்சை ஜெனரேட்டரிடம் ஒப்படைக்காதே. கரண்ட் போனதும் தானாக ஸ்டார்ட் ஆகும் பேனல் வைத்தாலும், லைன் மாறிக் கரண்ட் வருவதற்குப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். ஆக்சிஜன் மெஷின் ஒருமுறை நின்று ஓடினால் பழைய சுத்தத்துக்கு வர அதற்கே சில நிமிடம் பிடிக்கும். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாமலே போய்விட்டால்? அதனால் அந்த அறைக்கு மட்டும் தனியாக ஒரு நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டர், அதாவது லைன் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுப்பது, போடு. ஐந்து லிட்டர் மெஷின் 350 வாட்ஸ் பக்கம் இழுக்கும். 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று என்றால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும். இரண்டு போட்டால் ஆறேழு மணி நேரம். அதற்கும் பின்னால் ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் இருக்கட்டும். டாக்டர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று எழுதியிருந்தாய், அந்தக் கணக்குக்கு அது 12 மணி நேரம் வரும். சிலிண்டர் இருக்கும் அறையில் விளக்கு, ஊதுவத்தி எதுவும் கூடாது, தங்கச்சியிடம் சொல்லிவை. ஜெனரேட்டரின் வேலை அந்த பேட்டரியைத் திரும்ப நிரப்புவதும் வீட்டை நடத்துவதும். இந்த வரிசை மாறக் கூடாது.

இப்போது அளவு. ஒரு தாளை எடுத்து, புயல் நாளில் எது ஓடியே ஆக வேண்டும் என்று எழுது. நீ சொன்னதை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். ஐந்து ஃபேன் 375 வாட்ஸ், விளக்குகள் 150, ஃபிரிட்ஜ் 200, அத்தையின் மெஷின் 350, டிவியும் மோடமும் 100, அத்தை அறையில் ஒன்றரை டன் ஏசி 1,700. போர் மோட்டார் ஒன்றரை எச்பி, அது ஒரு 1,700. எல்லாம் சேர்த்தால் நாலரை கிலோவாட் சொச்சம். கீசரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் நான் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றும் 2 கிலோவாட் தின்னும். புயல் நாளில் கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஆளை ஏமாற்றுவது மோட்டார்தான். ஓடும்போது 1,700 வாட்ஸ் என்றாலும், கிளம்புகிற அந்த ஒரு கணம் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸரைப் போடும்போது கட்டிடத்து விளக்கெல்லாம் ஒரு கண் சிமிட்டும், அதேதான். செட் சிறியதாக இருந்தால் வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டாரும் கிளம்பாது. ஏசி இன்வெர்ட்டர் வகை என்பதால் அது மெதுவாகக் கிளம்பும், தொல்லை இல்லை. மோட்டாரைப் போடும் நேரத்தில் ஏசியை நிறுத்திவிட்டு, தொட்டி நிரம்பியதும் ஏசியைப் போடு. இந்தப் பழக்கம் இருந்தால் 10 கேவிஏ உனக்குத் தாராளம். 10 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில், அதாவது பத்தில் எட்டுப் பங்கு வேலைக்கு வரும் என்ற கணக்கில், 8 கிலோவாட். கடைக்காரர் கேவிஏ சொல்வார், நீ கிலோவாட்டில் கணக்குப் போடு.

25 கேவிஏ ஏன் வேண்டாம்? ராத்திரி உன் வீட்டு லோடு இரண்டரை கிலோவாட்டைச் சுற்றித்தான் இருக்கும். 20 கிலோவாட் தரும் இஞ்சினை அந்த லோடில் விடிய விடிய ஓட்டினால் அது சூடேறவே ஏறாது. டீசல் முழுசாக எரியாமல் புகைக்குழாயிலும் வால்விலும் கரியும் பிசுக்குமாகப் படியும். டீசல் இஞ்சினுக்கு மூன்றில் ஒரு பங்காவது லோடு வேண்டும். 10 கேவிஏவுக்கு உன் ராத்திரி லோடு ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்துவிடுகிறது. பெரியது வாங்கினால் பணமும் போகும், இஞ்சினும் கெடும்.

எரிபொருளுக்கு வருகிறேன். நிறையப் பேர் செட்டுக்காக ஒரு மாதம் அலைகிறார்கள், இதைப் பற்றி ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. எனக்குப் பட்டபிறகுதான் புரிந்தது.

ஹூஸ்டனில் மருமகப்பிள்ளை வீட்டில் கேஸ் குழாயிலேயே ஓடும் செட் இருக்கிறது, அதுபோல் கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். அங்கே குழாய் வீட்டு வாசல்வரை வருகிறது, அதனால் அவர்களுக்கு அது சௌகரியம். அதுவும் 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சாஸில் கேஸ் கிணறுகளே உறைந்து வரத்துக் குறைந்துவிட்டது. நம் பக்கத்தில் வழுதூர் மின்நிலையம் கேஸில்தான் ஓடுகிறது, ஆனால் உன் தெருவுக்குக் குழாய் வரவில்லை என்று நீயே எழுதிவிட்டாய். சிலிண்டர் கேஸில் ஓட்டலாம்தான். வருடக்கணக்கில் வைத்தாலும் கெடாது என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் வீட்டு அடுப்புக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரை இதற்கு மாட்டக் கூடாது, சட்டத்தில் இடமில்லை. 19 கிலோ சிலிண்டர் வாங்க வேண்டும். 10 கேவிஏ செட் இழுக்கிற வேகத்துக்கு ஒரு சிலிண்டரால் ஆவி கொடுக்க முடியாது, வெளியே பனி படர்ந்து அழுத்தம் குறைந்துவிடும். நாலைந்தைச் சேர்த்து மாட்ட வேண்டிவரும். கசிந்தால் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு போய்ப் பள்ளத்தில் தங்கும். உனக்கு அது வேண்டாம். பெட்ரோல் செட் சின்ன வீட்டுக்குச் சரி. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருவதால் ஈரத்தை உறிஞ்சும், நாலு மாதம் கிடந்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். வீட்டில் கேன் கேனாக வைப்பதும் ஆபத்து.

நமக்கு டீசல்தான். பாம்பன், மண்டபம், தொண்டி என்று எங்கே திரும்பினாலும் டீசல் இஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள் இருக்கிறான். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் படகு மெக்கானிக் வந்து நிற்பான். அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஆனால் டீசலும் கெடும். 2024 நவம்பர் 20ஆம் தேதி மழை ஞாபகம் இருக்கிறதல்லவா, ராமேசுவரத்தில் மட்டும் 41 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் கரண்ட் போனதும் என் 5 கேவிஏ செட்டைப் போட்டேன். இருபது நிமிடம் ஓடியது. அப்புறம் விட்டுவிட்டு முக்கியது, நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாக டிரம்மில் கிடந்த டீசலை அன்று காலையில்தான் ஊற்றியிருந்தேன். மறுநாள் மண்டபத்திலிருந்து ஒரு படகு மெக்கானிக் வந்தார். இஞ்சினைத் தொடவே இல்லை. டேங்கின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தார். திண்ணையில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் பாருங்க சார் என்றார். கலங்கலாக இருந்தது மெல்லத் தெளிந்தது. அடியில் இரண்டு விரற்கடை சுத்தமான தண்ணீர், மேலே மஞ்சள் டீசல், இரண்டுக்கும் நடுவில் கிணற்றுப் பாசிபோல வழவழவென்று பழுப்பாக ஓர் ஏடு. பாட்டிலைச் சாய்த்தால் அந்த ஏடும் கூடவே வழுக்கியது. பாதி காலியான டிரம்மில் நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராக இறங்கும், அந்தத் தண்ணீரும் டீசலும் சேருகிற இடத்தில் கிருமி வளரும், அதுதான் ஃபில்டரை அடைக்கிறது என்று விளக்கினார். அந்தப் பாட்டிலை இன்னும் வைத்திருக்கிறேன். நீ வரும்போது காட்டுகிறேன்.

அதனால் எவ்வளவு வைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே வை. 10 கேவிஏ செட் பாதி லோடில் மணிக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு லிட்டர் குடிக்கும். புயல் என்றாலும் இருபத்துநாலு மணி நேரமும் ஓட்டத் தேவையில்லை. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று, ராத்திரி நாலைந்து என்று ஓட்டி, நடுவில் இன்வெர்ட்டரில் தள்ளலாம். நாளுக்கு 20 லிட்டர். சாலையில் மரம் விழுந்து, பங்கிலும் கரண்ட் இல்லாமல் பம்ப் ஓடாத நாட்கள் மூன்று நாலு வரலாம். அதற்கு 80 லிட்டர். நாலு 20 லிட்டர் கேன், கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, நிழலில், அடுப்படிக்கு எட்டத்தில். தகர டிரம் வேண்டாம், துத்தநாகப் பூச்சு டீசலில் கரைந்து இறங்கும். உன்னிடம் டீசல் கார் இருப்பது பெரிய வசதி. நாலு மாதத்துக்கு ஒருமுறை கேனில் இருப்பதைக் காருக்கு ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடித்து வை. வீணும் ஆகாது, பழசும் ஆகாது. செப்டம்பர் கடைசியில் ஒரு மாற்று கட்டாயம். இந்த வருடம் அந்த நாள் தாண்டிவிட்டது, அதனால் செட் வந்த அன்றே பிடித்துவிடு.

யாராவது படகு டீசல் மலிவாகத் தருகிறேன் என்பார்கள். வாங்காதே. வரி நீக்கிக் கடலுக்குப் போகிறவனுக்கென்று கொடுப்பது அது.

செலவும் தெரிந்திருக்கட்டும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது ஜெனரேட்டர் கரண்ட் யூனிட் 35 முதல் 45 ரூபாய் வரை அடக்கமாகும். மாடியில் சோலார் போட்டிருக்கிறேனே என்று கேட்பாய். பேட்டரி இல்லாத சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். வெயில் கொளுத்தினாலும் ஒரு விளக்குகூட எரியாது. கம்பத்தில் ஏறுகிறவர் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

அதையொட்டி இன்னொன்று, இதில் மட்டும் எலக்ட்ரீஷியன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காதே. லைன் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒன்றோடொன்று சேராமல் மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். உன் செட்டின் 230 வோல்ட் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, 11,000 வோல்ட் லைனுக்குப் போய்விடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி மழையில் கம்பத்தில் நிற்பவன் நம் ஊர்ப் பிள்ளை. ஃபேஸோடு நியூட்ரலும் பிரிகிற சுவிட்சாகப் பார்த்துப் போடச் சொல். செட்டின் பாடிக்கும் நியூட்ரலுக்கும் தனித்தனி எர்த் குழி.

வைக்கிற இடம் வீட்டுக்குத் தென்மேற்கு மூலை. புயல் மாதங்களில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று அடிக்கும், புகை வீட்டைவிட்டு விலகிப் போகும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் திரும்பி வரும் என்பதால் புகைக்குழாயை மேலே தூக்கிவிடு. அத்தை அறை ஜன்னல் பக்கம் வாய் வைக்கவே கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். இரண்டடி உயர மேடை கட்டு. சத்தம், செட்டை மூடியிருக்கும் கூண்டுக்கு ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி, 2023 ஜூலையில் மாசு விதியும் மாறியிருக்கிறது. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், தயாரித்த தேதியைக் கேள். உப்புக்காற்றுக்குக் கூண்டின் மூலைகளும் பேட்டரி முனைகளும்தான் முதலில் பலி. முனைகளில் வாஸ்லின் தடவு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஏசியைப் போட்டு லோடோடு இருபது நிமிடம் ஓட்டு, சும்மா ஓட்டாதே. தேவைப்பட்ட நேரத்தில் ஸ்டார்ட் ஆகாத செட்டில் பெரும்பாலும் பேட்டரிதான் செத்திருக்கும்.

உன் மோட்டாரின் பெயர்த்தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, எச்பியும் ஆம்பியரும் தெளிவாகத் தெரிய வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். கடைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போவோம், அதுவரை எதற்கும் கையெழுத்துப் போடாதே. இன்வெர்ட்டரை மட்டும் எனக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே வாங்கி மாட்டிவிடு. அத்தைக்கு உன் அக்கா கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள், தங்கச்சிக்கு ஒரு கிலோ குண்டு மிளகாய்.

உன் மச்சான்.