ஓடைப் பாசியில் நெளிவதெல்லாம் கொசுப்புழு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் அண்மையில் ஒரு படம் சுற்றியது. ஓடைக் கல்லில் படர்ந்த பாசி, நடுவே பழுப்பாக ஒரு புழு, கீழே “டெங்கி ஆபத்து, உடனே புகார் செய்யுங்கள்” என்று ஒரு வரி. அப்புறம் என்ன, ஆளாளுக்கு அதையே மற்ற குழுக்களுக்கும் தள்ளிவிட்டார்கள்.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தால் போதும். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிக் கால்கள் தெளிவாகத் தெரிந்தன. கொசுப்புழுவுக்குக் கால் கிடையாது, வேகமாக ஓடுகிற தண்ணீரில் அது தாக்குப்பிடிக்கவும் செய்யாது; டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது பூச்சாடித் தட்டிலும் வாளியிலும் தேங்கிக் கிடக்கும் நீரை. படத்தில் இருந்தது கேடிஸ் ஈயின் புழு. வளர்ந்தால் சின்ன அந்துப்பூச்சி மாதிரி இருக்கும், யாரையும் கடிக்காது.

கேடிஸ் புழு என்றாலே மணலையும் இலைத்துணுக்கையும் தன் வாயிலிருந்து வரும் பட்டு இழையால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு திரியும் என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள்கூட நினைக்கிறார்கள். பாசிக்குள் வாழ்பவற்றில் பல அப்படிக் கூட்டைச் சுமப்பதில்லை, குழப்பமே அங்கேதான். வால் நுனியில் இரண்டு கொக்கிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், வெள்ளத்தில் பாசியைப் பிடித்துக்கொள்ள உதவுவது அதுதான். அடுத்து, கால்கள் முளைக்கும் மூன்று உடல் கண்டங்களின் முதுகு. மூன்றிலும் கெட்டியான ஓடு இருந்து, வயிற்றுக்கு அடியில் செவுள் இழைகள் கொத்துக் கொத்தாக இருந்தால் அது ஹைட்ரோசைக்கிடே குடும்பம், நம் காட்டோடைகளிலும் உண்டு, நீரோட்டத்துக்கு எதிரே நுண்ணிய வலை கட்டி மிதந்து வருவதைத் தின்னும். மூன்று ஓடும் இருந்து செவுள் இழை இல்லாமல், அரை சென்டிமீட்டருக்கும் குறைவாகப் பை போன்ற கூட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் ஹைட்ராப்டிலிடே குடும்பம் (இது கூடு கட்டுவதே புழுப்பருவத்தின் கடைசிக் கட்டத்தில்தான்). முதல் கண்டத்தில் மட்டும் ஓடு உள்ள, கூடில்லாத ரையகோஃபிலா என்ற கேடிஸ் வகை, ஐரோப்பா, இமயமலைப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் பாசிக்குள் வேட்டையாடுவது; இணையத்தில் அதன் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே தேடாதீர்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்றால், எல்லாக் கேடிஸும் ஒன்றல்ல. சில வகைகள் சுத்தமான நீரில் மட்டுமே தங்கும், ஹைட்ரோசைக்கிடேயில் சில ஓரளவு அழுக்கையும் தாங்கும். 2014இல் வெளியான சிங்ஸ்கோர் அளவீடு நம் ஓடைகள், கால்வாய்களின் நலத்தைக் கணிப்பதே இப்படிப்பட்ட சிற்றுயிர்களை வைத்துத்தான். நாமோ அதே உயிரைக் காட்டி டெங்கி ஆபத்து என்கிறோம்!

பீஷான் பூங்காவில் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை 2012இல் வளைந்தோடும் ஆறாக்கிய பிறகு, பிள்ளைகள் தண்ணீர் ஓரம் வரை போகிறார்கள். நல்லதுதான், ஆனால் நான் பார்த்த தகவல் பலகைகளில் நீர்நாயும் கொக்கும்தான். பாசிப் புழுக்களுக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் கால், கொக்கி, முதுகு ஓடு மூன்றும் தெரியும்படி ஒரு கோட்டோவியம் போடுங்கள், பக்கத்திலேயே கொசுப்புழுவும் இருக்கட்டும். கூடவே ஒரு வரி: இயற்கை வனப்பகுதிகளில் அனுமதியில்லாமல் எதையும் எடுத்து வரக் கூடாது, கைப்பேசியில் படம் எடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்