2028 முதல் 22 ஆட்டங்கள் போதும்: ஏஎஃப்எல் ஆணையத்துக்குத் திறந்த மடல்

ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கின் (ஏஎஃப்எல்) ஆணையத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், தலைமை நிர்வாகிக்கும், அட்டவணை போடும் பிரிவினருக்கும் வணக்கம்.

2028-இல் டாஸ்மேனியா டெவில்ஸ் 19-ஆவது அணியாகக் களமிறங்கும்போது, ஆளுக்கு 23 ஆட்டம் என்ற இன்றைய முறையை வைத்துக்கொள்ளவே முடியாது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் வேண்டும். ஆகவே அணிகளின் எண்ணிக்கையை ஆளுக்கான ஆட்டங்களால் பெருக்கினால் இரட்டைப்படை எண் வந்தாக வேண்டும். 19-ஐ 23-ஆல் பெருக்கினால் 437, ஒற்றைப்படை. ஏதாவது ஓர் அணி ஓர் ஆட்டம் கூடவோ குறையவோ ஆட நேரிடும். ஆகவே உங்கள் முன் இருப்பவை 22, 24 என்ற இரண்டு எண்கள்தான். 22-ஐத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒளிபரப்பு ஒப்பந்தம் 2031 வரை ஓடுகிறது; ஆட்டம் குறைந்தால் பணம் குறையும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் இன்று 18 அணிகள் ஆளுக்கு 23 ஆடும்போது மொத்தம் 207 ஆட்டங்கள். 19 அணிகள் ஆளுக்கு 22 ஆடினால் 209. தொலைக்காட்சிக்கு இரண்டு ஆட்டம் கூடுதலாகவே கிடைக்கிறது. வீரரின் உடம்புக்கு ஓர் ஆட்டம் மிச்சம். 24-க்குப் போனால் 228 ஆட்டங்கள், குறைந்தது 26 சுற்றுகள். பிப்ரவரி வெயிலுக்குள் போகாமலும் இறுதிப் போட்டியான கிராண்ட் ஃபைனலை செப்டம்பர் கடைசி சனிக்கிழமையிலிருந்து நகர்த்தாமலும் அதை அடக்க இடமே இல்லை.

22 என்ற எண் முதலில் எப்படி வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1970 முதல் 1986 வரை, ஏஎஃப்எல்லின் பழைய வடிவமான விக்டோரியக் கால்பந்து லீக்கில் 12 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற 11 அணிகளோடு இரண்டு முறை, இங்கொன்று அங்கொன்று என ஆடியதால் 22. அது முழு நியாயம். 1987-இல் வெஸ்ட் கோஸ்ட்டும் பிரிஸ்பேனும் சேர்ந்த நாளோடு அந்த நியாயம் போய்விட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. இன்று அதே நியாயத்துக்கு 19 அணிகள் ஆளுக்கு 36 ஆட்டம் ஆட வேண்டும், யாராலும் முடியாது. எல்லோரும் எல்லோரோடும் ஒரே ஒரு முறை ஆடுவது அடுத்த நல்ல வழி. கோவிட் காலத்தில், 2020-இல், 17 ஆட்டங்களோடு அதைச் செய்தீர்கள். 19 அணிகளுக்கு அது 171 ஆட்டங்கள்தான். இன்றைய ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆக, சில அணிகளை இரண்டாம் முறை சந்திப்பது தவிர்க்க முடியாதது. அந்தச் சில அணிகள் யார் என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்பதில்தான் எங்களுக்குக் குறை.

முந்தைய ஆண்டுப் பட்டியலை ஆறு ஆறாகப் பிரித்து, மேலே முடித்தவர்களுக்குக் கடினமான இரட்டைச் சந்திப்புகளும் கீழே முடித்தவர்களுக்கு எளிதானவையும் தருகிறீர்கள். போன ஆண்டின் பலம் இந்த ஆண்டும் தொடரும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது இது. ரிச்மண்ட் 2016-இல் 13-ஆம் இடம், 2017-இல் சாம்பியன். காலிங்வுட் 2021-இல் 17-ஆம் இடம், அடுத்த ஆண்டு 4-ஆம் இடம். ஜீலாங் 2022-இல் கோப்பை வாங்கி 2023-இல் 12-க்கு இறங்கியது. அடிலெய்ட் 2024-இல் 15. 2025-இல் பட்டியலின் உச்சி. அடிலெய்டை ‘கீழ் ஆறு’ என்று நம்பி 2025-இல் இரண்டு முறை சந்தித்த அணிக்குக் கிடைத்தது சலுகையா?

இதன் விலை பட்டியலில் தெரிகிறது. வெற்றி சமமானால் சதவீதம்தான் வரிசையை முடிவு செய்யும்; அப்போது முதல் எட்டு அணிகளுக்கே இறுதிச் சுற்றுகளில் இடம். 2017-இல் வெஸ்ட் கோஸ்ட், மெல்பர்ன் இரண்டுக்கும் 12 வெற்றி. 105.7 சதவீதம் எட்டாம் இடம் பிடித்தது, 105.2 வீட்டுக்குப் போனது. 2022-இல் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் 108.9, கார்ல்டன் 108.3, அங்கும் வெற்றி சமம். அடித்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த புள்ளிகளால் வகுத்து வரும் எண் அது. பலவீனமான அணி ஒன்றை இன்னொரு முறை சந்தித்து 80 புள்ளி வித்தியாசத்தில் வென்றாலே அரை சதவீதம் என்ன, மூன்று நான்கு சதவீதம்கூட மாறும். 7 முதல் 10-ஆம் இடம் வரையிலான அணிகள் மோதும் வைல்ட்கார்டு சுற்று வந்து வாசல் பத்தாம் இடத்துக்கு நகர்ந்துவிட்டது என்று பதில் சொல்லாதீர்கள். பதினோராம் இடத்தில் நிற்பவருக்கு இதே கேள்வி உண்டு.

எங்கள் யோசனை எளிது. 22 ஆட்டத்தில் 18 போக நான்கு இரட்டைச் சந்திப்புகள். அடிலெய்ட், பெர்த், குயின்ஸ்லாந்து, சிட்னி டெர்பிகளை (ஒரே ஊர் அல்லது மாநிலத்தின் இரண்டு அணிகள் மோதும் ஆட்டங்களை) ஆண்டுக்கு இரண்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். மைதானம் நிறைகிறது, விமானமும் மிச்சம். அந்த எட்டு அணிகளுக்கு டெர்பி போக மூன்று, மற்ற பதினொரு அணிகளுக்கு நான்கு. இவற்றை ஒரு பொதுப் பேரேட்டில் எழுதுங்கள்: எந்த அணி எதனோடு கடைசியாக எந்த ஆண்டில் இரண்டு முறை ஆடியது என்று. அதிக ஆண்டு காத்திருக்கும் ஜோடிக்கு முதலிடம். ஆறு ஆண்டுகளுக்குள் ஒரு ஜோடியும் விடுபடாமல் சுற்று முடியும். ஒரு முறை மட்டும் சந்திப்பவர்களுக்கு, இந்த ஆண்டு என் ஊர் என்றால் அடுத்த ஆண்டு உன் ஊர். கடின எளிதுகள் அப்போதும் இருக்கும், ஆனால் அவை எவர் கையிலும் இராது. ரேட்டிங்குக்காக ஒரு பெரிய மோதலைக் கூடுதலாகச் செருகவும் முடியாது.

17 ஆட்டம் முடிந்ததும் அணிகளை மூன்று குழுவாகப் பிரித்து ஐந்து ஆட்டம் வைக்கும் பழைய யோசனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. 19-ஐ ஆறு ஆறாகப் பிரிக்க முடியாது. மேலும் ஜூலையில் எதிரி யாரென்று தெரிந்தால் மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தின் (எம்சிஜி) தேதியும் பெர்த் விமானமும் எப்போது புக் செய்வது?

இனி ஓய்வு வாரங்கள். 24 சுற்றுகள் வைத்தால் ஆளுக்குச் சரியாக இரண்டு ஓய்வு, மொத்தம் 38. அணிகள் ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணியாவது சும்மா இருக்கும். 17 சுற்றுகளில் ஒன்று, 7 சுற்றுகளில் மூன்று என்று வைத்தால் கணக்கு நேராகிறது. சிக்கல் கடைசிச் சுற்றில். அங்கும் ஓர் அணி கைகட்டி நின்று மற்றவர்கள் தன் தலைவிதியை எழுதுவதைப் பார்க்கும். அது யார் என்பதைச் சீசனுக்கு முன் பகிரங்கமாகக் குலுக்கிப் போடுங்கள். ஒரு முறை அகப்பட்ட அணியை மற்ற எல்லா அணிகளும் முடிக்கும்வரை மறுபடி குலுக்கலில் சேர்க்காதீர்கள். சில அணிகள் மட்டும் ஆடும் ஓப்பனிங் ரவுண்டைக் கைவிட்டுவிடலாம். 2025 மார்ச்சில் ஆல்ஃப்ரெட் புயலால் தள்ளிவைத்த இரண்டு ஆட்டங்களில் பிரிஸ்பேன்–ஜீலாங் ஆட்டத்துக்கு மூன்றாம் சுற்றிலேயே இடம் கிடைத்தது. கோல்ட் கோஸ்ட்–எசெண்டன் ஆட்டமோ ஆகஸ்ட் 27 புதன்கிழமை வரை காத்திருந்தது. மற்ற எல்லோரும் முடித்த பிறகு. தள்ளிவைத்தால் சீக்கிரம் ஆட இடம் இருக்கும்படி, மார்ச் மாத குயின்ஸ்லாந்து ஆட்டங்களில் மோதும் இரண்டு அணிகளுக்கும் ஓர் ஓய்வு வாரமாவது ஒரே சுற்றில் வரட்டும்.

எல்லா அணிகளும் ஒரே மாநிலத்தில் கூடி ஆடும் கேதர் ரவுண்ட் 2029 வரை தெற்கு ஆஸ்திரேலியாவில்தான். அங்கே ஒன்பது ஆட்டம், ஓர் அணிக்கு ஓய்வு. அதில் ஆடும் 18 அணிகளுக்கு மீதி 21 ஆட்டம். ஒன்பது அணிகளுக்குச் சொந்த மண்ணில் 11, ஒன்பதுக்கு 10. அடிலெய்டும் போர்ட் அடிலெய்டும் 2028, 2029 இரண்டு ஆண்டும் 10 வரிசையில் நிற்பதே முறை, ஏனெனில் கேதர் ரவுண்ட் அவர்கள் ஊரில். மற்றவர்கள் முடிந்தவரை ஆண்டுக்காண்டு இடம் மாறட்டும். உறுப்பினர் சந்தா வசூலிக்குமுன் அந்த எண்ணை அச்சிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக நாள் இடைவெளி. மூளையதிர்ச்சிக்குப் பின் குறைந்தது 12 நாள் கழித்தே வீரர் ஆடலாம் என்பது உங்கள் விதி. வாரம் ஓர் ஆட்டம் என்றால் அவர் ஒன்றை இழப்பார். ஞாயிறு, அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வியாழன் என்று அட்டவணை விழுந்தால் 11 நாள்தான் ஆகிறது, இரண்டை இழப்பார். ஆகவே ஐந்து நாள் இடைவெளிக்குப் பின் ஏழு நாளாவது கட்டாயம் என்று எழுதுங்கள். பெர்த் அணி ஞாயிறு மாலை மெல்பர்னில் ஆடிவிட்டு நாலு மணி நேரம் பறந்து வீடு திரும்பினால், அடுத்த ஆட்டம் வெள்ளிக்கு முன்னும் வேண்டாம், வெள்ளியிலும் வேண்டாம். ஆறு நாளோ அதற்குக் குறைவோ உள்ள இடைவெளிகளின் எண்ணிக்கையில் அணிக்கு அணி இரண்டுக்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது.

2028 அட்டவணையை வரையத் தொடங்கும் முன்பே இந்த விதிகளையும் பேரேட்டையும் வெளியிடுங்கள். வீரர்கள் சங்கமும் 19 அணிகளும் படித்து எழுத்தில் பதில் சொல்ல இரண்டு மாதம் கொடுங்கள்.

இப்படிக்கு,
அட்டவணை வரும்போதெல்லாம் வரி வரியாகக் கணக்குப் பார்க்கும் இரசிகர்கள்