1-ஆம் தேதி முதல் டெலிவரி ஆப்பில் நாங்கள் இல்லை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஏரியா வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றும் அந்தப் படத்தை நாங்களும் பார்த்தோம். கடையில் 110 ரூபாய்ச் சாப்பாடு, டெலிவரி ஆப்பில் 145. "ஏமாற்றுகிறார்கள்" என்று எழுதியதில் பாதிப் பேர் நம்ம உறையூர்க்காரர்கள். அதுதான் மனசுக்குக் கஷ்டம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். அந்த 145-இல் கமிஷன், கமிஷனுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., பட்டியலில் மேலே தெரிய விளம்பரப் பணம் எல்லாம் போக எங்கள் கைக்கு 100 கூட வரவில்லை. விளம்பரத்தை ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தோம். உறையூரில் உட்கார்ந்து தேடினாலே எங்கள் பெயருக்கு விரல் வலிக்கத் தள்ள வேண்டியிருந்தது.

பணமாவது பரவாயில்லை. ஒரு ஞாயிறு ரசப் பாக்கெட் வைக்காமல் பார்சல் போய்விட்டது. தப்பு எங்களுடையதுதான். வண்டி போன பிறகு பார்த்தால் மேசையில் சூடாகக் கிடக்கிறது. போன் செய்து பையனிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், ஸ்லிப்பில் ஒரு பெயரும் ஆர்டர் எண்ணும்தான். எந்தத் தெரு என்றுகூடத் தெரியாது. நாலு வருஷமாக எங்கள் சமையலைச் சாப்பிட்டவர்களின் நம்பர் முழுக்க ஆப்காரர்களிடம், எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

பட்டியலில் யார் மேலே தெரிவது என்பதை அடுத்தவர் முடிவு செய்யும் இந்தச் சங்கடம் வேறு தொழிலிலும் உண்டு. சென்னையின் பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012-இல் கூகுள் மீது புகார் கொடுத்தது. அந்தப் புகாரை விசாரித்து, தேடுபவர் கண்ணில் தன் விமானப் பயணத் தேடலே முதலில் படும்படி கூகுள் வைத்திருந்தது என்று கண்டு, இந்தியப் போட்டி ஆணையம் 2018-இல் 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அதற்கே ஆறு வருஷம். ஒரு மெஸ் எங்கே போய் நிற்கும்?

அதனால் ஆப்பை விட்டு வருகிறோம். கடை நம்பர் பழையதுதான், போனோ வாட்ஸ்அப்போ செய்யுங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் எங்கள் பையனே கொண்டுவருவார். பார்சல் டப்பாவுக்கு 10 ரூபாய் சேரும், ஞாயிறு இரவு டெலிவரி இல்லை.

கொரோனா நேரத்தில் தூக்குச்சட்டியோடு வந்து வாங்கிப்போய் அடுப்பை அணையவிடாமல் காத்தவர்கள் நீங்கள். அந்த நன்றி என்றைக்கும் உண்டு.

அப்புறம், அன்று ரசம் வராத வீட்டுக்காரர் இதைப் படித்தால் தயவுசெய்து ஒரு போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மெஸ்காரர்
உறையூர், திருச்சி